மேசை நடுவில் ஒரு போத்தல்

மச்சாளிடம் எதையாவது கேட்டால் பதில் உள்ளபடியே வரும். அதுதான் அவரிடம் இருந்த பெரிய குறை என்று எங்கள் ஊரில் பலர் நினைத்தார்கள். நானும் சில நாட்களில் நினைத்ததுண்டு. புதுச் சீலை கட்டிக்கொண்டு வந்து, "எனக்கு எப்பிடி இருக்கு?" என்று ஆசையோடு கேட்டவளிடம், "நிறம் வடிவு, உமக்குத்தான் வடிவில்லை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விடுவார். வந்தவள் கோபித்துக்கொண்டு போவதா, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் முழித்துக்கொண்டு இருப்பாள். அனேகமாகக் குடித்துவிட்டுத்தான் போவார்கள். மச்சாளின் தேத்தண்ணி அப்படி.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. கலியாணம் முடித்த கையோடு பிரான்ஸுக்குப் போனவர். எங்கள் சனம் எல்லாம் பாரிஸில் போய் அடைந்து கிடக்க, இவரும் புருசனும் போய்ச் சேர்ந்த இடம் பெர்ஜெராக். நாட்டின் தென்மேற்குப் பக்கம், ஆற்றங்கரை ஊர், திரும்பிய பக்கமெல்லாம் முந்திரிகைத் தோட்டம். திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்வோம். மச்சாள் அங்கே பழம் ஆய்ந்தார், பிறகு வைன் போத்தலில் அடைக்கிற இடத்தில் வேலை செய்தார், பிள்ளையை வளர்த்து ஆளாக்கினார். புருசன் காலமானதும், மகன் மறித்தும் கேளாமல் யாழ்ப்பாணத்தில் எங்கள் உரும்பிராய்க்குத் திரும்பி வந்து எங்கள் வளவுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டினார்.

ஏன் வந்தனீங்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். "தம்பியோடை ஒரு மேசையில இருந்து சாப்பிடோணும்" என்றார். வேறு காரணம் இருக்கும் என்று சனம் தோண்டிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. தாய் சின்னதிலேயே போய்விட்டதால் என் கணவருக்குச் சோறு தீத்தி வளர்த்தது அக்காதான். வெளிநாட்டில் இருந்த காலம் முழுக்க அந்த ஒரு ஆசைதான் அவரிடம் இருந்தது. அதுதான் இலேசில் கிடைக்கவில்லை.

வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் நடந்ததை, கூட வந்த அவரின் மகன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். வரிசையில் நின்ற எங்கள் ஆட்கள் எல்லாரும் "ஒண்டுமில்லை, உடுப்புத்தான்" என்று சொல்லிக்கொண்டு நிற்க, மச்சாள் சுங்கக்காரரைப் பார்த்து, "வைன் இருக்கு. சிவப்பும் இருக்கு, இனிப்பு வெள்ளையும் இருக்கு" என்றாராம். ஆருக்கு அம்மா என்று அந்த மனிசன் கேட்டிருக்கிறான். "எனக்கு." நெற்றியில் திருநீறு, கையில் உருத்திராட்ச மாலை. அவன் இவரை ஒருக்கால் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறக்காமலே அனுப்பிவிட்டான். பொய் சொல்லியிருந்தால் திறந்திருப்பான் என்பது மகனின் கட்சி.

திருநீறு வேசம் இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் மச்சாள் மரக்கறி தவிர வேறொன்றும் தொடமாட்டார். கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்து பிடிப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தால், முன் ஹோலில் றோட்டுக்குத் தெரிகிற மாதிரிப் போட்டிருந்த மேசையில் சோறும் கறிகளும் வரும், நடுவில் போத்தலும் வரும். கால் வைத்த கண்ணாடிக் கிளாஸில் அரைவாசிக்குக் கொஞ்சம் குறைவாகச் சிவப்பு வைன் விடுவார். ஆறுதலாகச் சாப்பிடுவார். படலை திறந்திருக்கும். றியூசனுக்குப் போகிற பெடியள், மீன்காரர், கோயிலால் வருகிற சனம் எல்லாருக்கும் தெரியும். யாராவது எட்டிப் பார்த்து, "என்ன மாமி, நெக்டோச் சோடாவோ?" என்றால், "இல்லை ராசா, வைன். வந்து சாப்பிடன்" என்பார்.

எனக்கும் தந்தார். எனக்கு வயது போதும், ஆரும் கேட்கமாட்டினம் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். சிவப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நாவற்பழம் சாப்பிட்டதுபோல நாக்கை இழுத்துப் பிடித்தது. இரண்டாவது வாய்க்கு ஆட்டிறைச்சித் துண்டு ஒன்றைக் கடித்துவிட்டுக் குடிக்கச் சொன்னார். அப்போது ஏதோ புரிந்தது. சாப்பாடு முடிய மற்றப் போத்தலை எடுத்தார். நல்லெண்ணெய் நிறம். மொன்பஸியாக் என்று பெயர், பெர்ஜெராக்கை ஒட்டிய மேட்டு நிலத்தில் செய்வது. முதலில் தேன், பிறகு முந்திரிகை வத்தல், எல்லாவற்றுக்கும் பின்னால் தோடம்பழத் தோலின் மெல்லிய கசப்பு. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு கீற்றும் அதுவுமாக நான் அன்று இருந்த இருப்பைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இன்னும் கொஞ்சம் விடுங்கோ என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "காணும். தலை சுத்தும், பேந்து என்னைச் சொல்லுவீர்" என்று போத்தலை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

எதற்கு எது சேரும் என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. நண்டுக் கறிக்குச் சிவப்பைச் சேர்ப்பது பிழையென்று அங்கே சொல்வார்களாம், இவருக்கு அது பிடிக்கும், அதனால் குடிப்பார். ஒடியல் கூழுக்கு எது என்று ஒருநாள் கேட்டேன். கன நேரம் யோசித்துவிட்டு, "கூழுக்குக் கூழ்தான்" என்றார்.

இனி இவர் கதைக்கு வருவோம். இவர் என்றால் என் கணவர்.

இவரும் குடிப்பவர்தான். ஆனால் இவர் குடிப்பது யாருக்கும் தெரியாது, அதாவது எல்லாருக்கும் தெரியும். பின்னேரம் ஆனதும், "இஞ்சேரும், தோட்டத்துக்கு இறைச்சுப்போட்டு வாறன்" என்று மோட்டர் கொட்டிலுக்குப் போவார். அங்கே, வேலையிலிருந்து ஓய்ந்த சங்கக்கடை மனேச்சர் சாராயப் போத்தலோடு வந்து சேருவார். இருட்டுப்பட இவர் கொய்யாக் கொழுந்தைச் சப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவார். நானும் கொய்யா மணத்தை மட்டும் மணப்பவளைப்போலச் சோறு போடுவேன். மாரியில் ஊரே வெள்ளத்தில் நிற்கும்போதும் இவர் இறைக்கத்தான் போவார். எந்தத் தோட்டத்துக்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் இப்படித்தான் மரியாதையாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

மச்சாள் வந்த புதிதில், வீடு குடிபுகுந்த கையோடு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். இவர் வேட்டி கட்டி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, அக்கா வீட்டுச் சாப்பாடு என்ற பெருமையோடு வந்தார். கதிரையில் குந்தப் போனவர் மேசை நடுவில் போத்தலைக் கண்டார்.

"உதென்னக்கா?"

"வைன். நாங்கள் போத்தலில அடைச்ச இடத்துச் சாமான்."

"றோட்டாலை போற சனத்துக்குத் தெரியுதெல்லே?"

"தெரியும். கண் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"அம்மான்ரை படத்துக்கு முன்னாலை, பொம்பிளை நீ..." இவருக்கு வசனம் முடியவில்லை. "உது இந்த மேசையில இருக்குமட்டும் என்ரை கால் இஞ்சை படாது."

"அல்மாரிக்குள்ள ஒளிச்சு வைச்சா இருந்து சாப்பிடுவியோ?"

"ஓம்."

"நான் குடிக்கிறவள் எண்டு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சால் என்ன. கண்ணுக்கு முன்னால வேண்டாம்."

மச்சாள் தம்பியைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எத்தனை வருசம் காத்திருந்த சாப்பாடு. "அப்ப நீ இஞ்சை வராதை தம்பி," என்றார். "ஒளிச்சு வைச்சுப்போட்டு உன்னோடை இருந்து சாப்பிட்டா, அது நானில்லை, வேறை ஆரோ."

இவர் எழும்பிப் போய்விட்டார். அன்றைக்குப் பின்னேரம் இறைப்பு கொஞ்சம் கூட.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் நடுவில் நின்று அல்லாடினேன். மச்சாள் கறிகளைக் கரியரில் போட்டுத் தருவார், நான் கொண்டுவந்து இவருக்குக் கொடுப்பேன். திறந்த சிவப்புப் போத்தல் எங்கள் வெக்கைக்குக் கன நாள் நிற்காது என்பதால் மிச்சத்தை ஆட்டிறைச்சிக்குள் விட்டுச் சமைப்பார். "தம்பிக்குச் சொல்லித்தான் குடுக்கோணும்" என்பது அவரின் கண்டிப்பு. நான் சொன்னேன். இவர் கரியர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, "அடுப்பில வைச்சால் அது ஆவியாப் போயிடும்" என்று ஒரு விஞ்ஞானம் சொல்லிவிட்டு எலும்பு வரைக்கும் சூப்பினார்.

கரியர் வெறுமையாகத் திரும்பி வந்தால் மச்சாளின் முகம் மலரும். இருந்தாலும், "கறி போகுது, ஆள் வரக் காணேல்லை" என்பார்.

அந்த ஊரைப் பற்றி அவர் சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது பழம் ஆய்கிற காலத்து மத்தியானச் சாப்பாடு. முதலாளியின் வீட்டுக் கொட்டகையில் நீள மேசை போடுவார்களாம். முதலாளியம்மா, உழவு இயந்திரம் ஓட்டுகிறவன், மொறோக்கோக்காரப் பெடியள், ஆய்கிற பெண்கள் எல்லாரும் ஒரே வரிசையில் இருந்து சாப்பிடுவார்களாம். போத்தல் நடுவில் நிற்கும். வேண்டியவர் விட்டுக் குடிப்பார், வேண்டாதவரை ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். முதல் இரண்டு மூன்று வருசம் மச்சாள் தொடவே இல்லை. "அங்கையும் குடிச்சுப்போட்டு விழுந்து கிடந்தவங்கள் இருந்தவங்கள்," என்றார் ஒருநாள், நான் அந்த ஊரைக் கொஞ்சம் கூடப் புகழ்ந்தபோது. "ஆனா எல்லாருக்கும் தெரிய விழுந்து கிடந்தவங்கள். அதாலை தூக்கிவிட ஆள் வந்தது."

இனிப்பு வெள்ளை எப்படிச் செய்வது என்பதையும் சொன்னார். இலையுதிர் காலத்தில் விடியப்புறம் ஆற்றிலிருந்து பனிப்புகார் எழும்பி வந்து தோட்டத்தை மூடும். அந்த ஈரத்துக்குப் பழத்தில் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். மத்தியானம் வெயில் எறித்துக் காயவைக்கும். பழம் சுருங்கி, பார்க்க அருவருப்பாக, உள்ளே தேனாக இருக்கும். அப்படிச் சுருங்கியதை மட்டும் தெரிந்தெடுத்து ஆய்ந்துவிட்டு, மற்றதை விட்டு, பிறகு திரும்பத் திரும்ப வந்து ஆயவேண்டும். கை முழுக்கப் பிசின்.

இதை நான் வீட்டில் வந்து இவருக்குச் சொன்னதுதான் பிழையாய்ப் போயிற்று. இவருக்கும் முந்திரிகைப் பந்தல் இருக்கிறது. பூஞ்சணம் என்றால் இவர் கனவிலும் பதறுகிறவர். மருந்து அடித்து அடித்தே பழம் எடுப்பவர். "அழுகலிலை தேனோ, உன்ரை மச்சாளுக்கு விசர்" என்றார். ஆனால் அந்த மாரியில் பந்தலின் ஒரு மூலையில் மட்டும் மருந்து படவில்லை. எங்களுக்குப் புகார் ஏது, காய்கிற வெயில் ஏது. நாள் முழுக்க மழை. குலை குலையாக அழுகிப் புளித்து, குளவியும் எறும்பும் மொய்த்து, படலையடி வரை நாற்றம் வந்தது. மச்சாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, மருந்தடிக்காமல் வேணுமெண்டுதானே விட்டனீ?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு சந்தோசம். தன் கதையைத் தம்பி காதில் போட்டிருக்கிறானே என்ற சந்தோசம்.

"வவ்வால்" என்றார் இவர்.

"வவ்வாலே மருந்தடிக்கிறது?"

"வவ்வால்தான் கடிச்சது" என்று சொல்லிக்கொண்டு இவர் கொட்டிலுக்குள் போய்விட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மச்சாள் வாயைப் பொத்தாமல் சிரித்தார்.

இப்போது மச்சாள் இல்லை. போன மாரியில் மகனிடம் போயிருந்த இடத்தில், பெர்ஜெராக்கில், நித்திரையில் போய்விட்டார். நோய் நொடி இல்லாமல் போன புண்ணியவதி என்று ஊர் இப்போது சொல்கிறது. உயிரோடு இருந்தபோது ஊர் சொன்னது வேறு, அதிலும் ஆஸ்பத்திரி விசயத்துக்குப் பிறகு.

ஒருநாள் காலமை இவர் தோட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். பித்தப்பையில் கல்லாம், உடனே வெட்டி எடுக்கவேண்டுமாம். எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். கட்டிலைச் சுற்றி எங்கள் சனம். சங்கக்கடை மனேச்சர், அவரின் மனிசி, என் தமையன், கோயில் ஆட்கள் இரண்டு பேர். ஒரு இளம் டொக்டர் வந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனார். சீனி வருத்தம் இருக்கோ, பிறசர் இருக்கோ. பிறகு, "குடிக்கிறனீங்களோ ஐயா?"

"சீச்சீ" என்றார் இவர்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சேலைன் போத்தலைப் பார்த்தேன். கோயில் ஆட்கள் முகட்டைப் பார்த்தார்கள்.

"குடிக்கிறவன் டொக்டர்," என்றார் மச்சாள். "ஒவ்வொரு நாளும் பின்னேரம். சாராயம்."

"எவ்வளவு அம்மா?"

"அளவு எனக்குத் தெரியாது. இவரைக் கேளுங்கோ" என்று மனேச்சர் பக்கம் கையைக் காட்டினார்.

மனேச்சர் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். அன்று வரவில்லை. இவரின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. டொக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார், நல்லவேளை சொன்னீங்கள், தெரியாமல் மயக்க மருந்து குடுத்திருந்தால் சிக்கல், குடிக்கிறவருக்குக் குடி திடீரென்று நின்றாலும் உடம்பு உதறி ஆபத்தாய்ப் போகும், இனி அதற்கும் பார்த்துச் செய்வம் என்று. சொன்னபடியே இவருக்குக் கை கால் உதறத் தொடங்கியது. தெரிந்திருந்தபடியால் உடனே மருந்து கொடுத்து அடக்கினார்கள். மச்சாள் வாயைத் திறந்திராவிட்டால் என் நெற்றியில் இன்றைக்குப் பொட்டு இருந்திருக்குமோ தெரியாது. இதை நான் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு இவர் அக்காவோடு கதையை நிற்பாட்டிவிட்டார்.

"ஊருக்கு முன்னாலை என்னை உரிச்சுப்போட்டா."

"ஊருக்குத் தெரியாத எதை அவ சொன்னவ?" என்று கேட்டேன்.

"தெரியிறது வேறை. சொல்லுறது வேறை."

கரியர் கொண்டுவந்தால் தொடமாட்டார். மூடி திறபடாமலே திரும்பிப் போகும். மச்சாள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "எனக்குக் கவலையாத்தான் இருக்கு" என்றார். "ஆனா அந்தப் பெடியன் திருப்பிக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவன். நீர் என்ன நினைக்கிறீர்?" நான் என்ன நினைக்க. எனக்குப் புருசன் உயிரோடு இருந்தான், அவருக்குத் தம்பி இல்லாமல் போய்விட்டான். மச்சாள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வழமைபோல முன் ஹோலில் தனியே இருந்து சாப்பிட்டார், நடுவில் போத்தல். முன்னர்போல ஆறுதலாக இல்லை, கெதியாகச் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுவார்.

இவரோ சாராயத்தை விட்டுவிட்டார். பயம்தான் காரணம், பெருமைப்பட ஒன்றுமில்லை. மனேச்சர் கொட்டிலுக்கு வந்து கூப்பிடுவார். இவர் போய் சும்மா இருந்துவிட்டு வருவார். பழக்கதோசத்தில் கொய்யாக் கொழுந்தும் சப்பிக்கொண்டு வருவார், பாவம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய டொக்டரிடம் காட்டுகிற நாள். காலமையிலிருந்து காத்திருந்தோம். மண்டபம் நிறையச் சனம். கோப்பாய் ஆட்கள், உரும்பிராய் ஆட்கள், இவரின் தூரத்துச் சொந்தம் ஒன்று. ஒரு தாதிப் பிள்ளை பதிவுத் துண்டோடு வந்து, அந்தச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று, உரத்த குரலில் கேட்டாள்.

"ஐயா குடிக்கிறவரோ?"

 இவர் தலையைத் தூக்கி அந்தச் சனத்தை ஒருக்கால் பார்த்தார்.

"குடிச்சனான் பிள்ளை. கன வருசம். இப்ப விட்டிட்டன்."

மண்டபத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாதி எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். இவர் என் காதுக்குள், "அவ்வளவுதானோ?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

ஓட்டோவில் திரும்பினோம். எங்கள் படலைக்கு முன்னம், அக்காவின் படலையடியில், "தம்பி, இதில நிப்பாட்டும்" என்றார் ஓட்டோக்காரனிடம். மச்சாள் அப்போதுதான் சாப்பிடக் குந்தியிருந்தார். நண்டுக் கறி மணம் றோட்டுவரை வந்தது. இவர் செருப்பைக் கழற்றி, உள்ளே போய், எதிர்க் கதிரையை இழுத்துக் குந்தினார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

 மச்சாள் சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டார்.

"நண்டு போடட்டோ?"

"போடு."

இவர் இரண்டு வாய் சாப்பிட்டார். போத்தலைப் பார்த்தார். "எனக்கு உதிலை விடமாட்டாய், என்ன?"

"மாட்டன்."

"ஓம், எனக்கும் வேண்டாம்."

அந்த நேரம் பார்த்து சங்கக்கடை மனேச்சர் சைக்கிளில் வந்தார். இவரைக் கண்டதும் பிரேக் பிடித்து, காலை நிலத்தில் ஊன்றி, போத்தலையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, இதுக்கை இருக்கிறியள்?"

"அக்காவோடை சாப்பிடுறன்" என்றார் இவர், றோட்டுக்குக் கேட்க. "நீரும் வாரும். குடிக்கிறதெண்டாலும் இஞ்சை இருந்து குடியும், நல்ல சாமான்."

மனேச்சர் றோட்டின் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். "நான் பேந்து வாறன்" என்று பெடலை மிதித்தார். சைக்கிள் போன வேகத்தைப் பார்த்து இவர் வெட்டின வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்தார். சிரிப்பு அடங்கி நண்டுக் காலை எடுக்கப் போனவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"என்னக்கா, கண்ணுக்கை என்ன?"

எங்கள் வீட்டில் வேறு யாராக இருந்தாலும் மிளகாய்த்தூள் என்றிருப்பார்கள்.

"அழுறன்," என்றார் மச்சாள். "நீ சாப்பிடு."